பாதத்தால் கேட்கிறவள்

ஹன்னா, ஓக்லஹோமா
மார்ச் 9, 1992

அக்கா,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. ஒரு எழுத்து பெரிதாகவும் அடுத்தது சின்னதாகவும் இருக்கிறது. எதுவும் கோட்டின்மேல் நிற்க மாட்டேன் என்கிறது. பென்சிலை மண்வெட்டி பிடிப்பதுபோல் பிடிக்கிறேனாம், எனக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிற மஹேலா சொல்கிறாள். இந்தப் பக்கத்தை முடிப்பதற்குள் மூன்று முறை முனை உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன், இன்று திங்கள்.

யாரிடமும் சொல்லி எழுதச் செய்யவில்லை. இது உன் தம்பி லம்சியின் சொந்தக் கை. நம் மஸ்கோகி பாஷையில், எழுபத்தொரு வயதில்!

ஜனவரியில் உன் மகள் ஜோஆன் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாமா, அம்மாவுக்கு இப்ப காது சுத்தமா கேக்கல. அப்பா இருந்த வரைக்கும் அவர் வாயப் பாத்தாவது உங்க பாஷைல பேசிக்கிட்டிருந்தாங்க. எனக்கு அது வராது. பாட்டுப் புத்தகத்த மடில வெச்சுக்கிட்டு உக்காந்தே இருக்காங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையில் நின்றேன். முப்பத்தேழு வருடம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அத்தனை வருடமும், வேண்டுமென்றால் பேசிக்கொள்ளலாம் என்ற தைரியம் உள்ளே எங்கோ இருந்திருக்கிறது. அன்றைக்கு அது போய்விட்டது.

அப்புறம்தான், அக்காவுக்குப் படிக்கத் தெரியுமே என்று நினைவு வந்தது. நம் பாஷையைப் படிக்க சர்ச்சுக்காரர்களுக்குத் தெரியும், நெருப்பைச் சுற்றி ஆடிப் பாடுகிற களத்துக்காரர்களுக்குத் தெரியாது. எங்களுக்கு வேதப் புத்தகமா, பாட்டுப் புத்தகமா? பாட்டெல்லாம் தொண்டையில் இருந்தது. ஆகவே நீ போய்க்கொண்டிருந்த அதே சர்ச்சுக்கே போனேன். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் மஹேலா வகுப்பு எடுக்கிறாள். நான் வாசலில் கால் வைத்ததும் காட்டு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒரே சிரிப்பு.

"ஏய், களத்து ஆளு வழி தெரியாம வந்துட்டாருடி! பிடிச்சு முழுக்குக் குடுத்துரலாமா?"

"முதல்ல தட்டுல போடுங்க, அப்புறம் தண்ணில போடுங்க" என்றேன்.

நான் எழுதிய முதல் வார்த்தை தண்ணீர். எழுபது வருடமாகக் குடித்தது, தாளில் அசையாமல் கிடந்தது. இரண்டாவதாக உன் பெயரை எழுதினேன். லூவீனா.

பதில் போடு. திட்டியாவது போடு.

லம்சி


ஓக்லண்ட், கலிஃபோர்னியா
மார்ச் 19, 1992

லம்சி,

உன் கடிதத்தைச் சிவப்புப் பென்சிலால் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். பதினேழு தப்பு. என் பெயரிலேயே ஒன்று. மஹேலா பாவம்.

ஜோஆன் அதை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் முதலில் பாத்திரம் கழுவினேன். பிறகு துணி மடித்தேன். பிறகுதான் பிரித்தேன். படிக்க ஆரம்பித்ததும் உன் குரல் வந்தது. முப்பத்துநாலு வயதுக் குரல். இப்போது உன் குரல் எப்படி இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

இங்கே எல்லாருடைய வாயும் அசைகிறது. இங்கிலீஷ் வாயை எனக்குப் படிக்க வராது. சூயிங்கம் மெல்லுகிற மாதிரி இருக்கும். வாஷ் இருந்தபோது அவர் உதட்டைப் பார்த்தால் போதும், பாதி சொல்வதற்குள் மீதியை நானே சொல்லிவிடுவேன். அவர் போன பிறகு இரண்டு வருடமாக நம் வார்த்தையில் யாரும் என்னைப் பார்த்து வாயைத் திறக்கவில்லை.

அதனால் உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

அம்மாவின் குழிக்கு நீ வரவில்லை. ஊரே ஒரு பிடி மண் எடுத்துப் போட்டு அவளுக்குக் கடைசியாகக் கை கொடுத்தது. அறிமுகமில்லாத தபால்காரர்கூடப் போட்டார். அவள் மகன் போடவில்லை. எழுதத் தெரிந்துகொண்டாய் அல்லவா, அதற்குப் பதில் எழுது.

லூவீனா


ஹன்னா
ஏப்ரல் 6, 1992

அக்கா,

பதினேழு தப்பையும் வகுப்பில் எல்லாருக்கும் காட்டினேன். "அக்காவே திருத்தியது" என்று பெருமையாகத்தான் காட்டினேன். மஹேலா ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்த வார்த்தைகளைப் பத்துப் பத்து முறை எழுதச் சொன்னாள். எழுதினேன்.

நீ கேட்டதற்குப் பதில். அன்றைக்குக் களத்தில் புதுச்சோள நோன்பு. காலையில் நாங்கள் நோன்பு மருந்து குடித்து முடித்த பிறகுதான் அம்மா போய்விட்ட செய்தி வந்தது. மருந்து குடித்தவன் நான்கு நாள் விலகித்தான் இருக்க வேண்டும், சாவு வீட்டுப் பக்கம் போகக் கூடாது. உனக்கும் தெரியும். ஜூலை வெயிலில் நீங்கள் காத்திருக்கவும் முடியாது. மறுநாள் சாயங்காலம் நம் வீட்டுப் பின்பக்கம் துப்பாக்கி வெடித்தது, நான்கு தடவை. பந்தலில் நம் கரடிக் குலத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். நான்காவது வெடித்ததும் அம்மாவை இறக்கிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை.

ஐந்தாம் நாள் வந்தேன். குழி மூடி, மேலே சின்னக் கூரைகூடப் போட்டாகிவிட்டது. மூடின குழியில் எங்கே மண் போடுவது?

என் பக்கத்துக்கும் ஒன்று இருக்கிறது, கேள். அம்மா தன் ஆமையோட்டுச் சலங்கையை உனக்குக் கொடுத்திருந்தாள். நான் நெருப்பைச் சுற்றிப் பாடிக்கொண்டு முன்னே போவேன், ஆண்கள் பதில் குரல் கொடுப்பார்கள், என் பின்னால் நீ காலில் சலங்கை கட்டிக்கொண்டு மிதித்து வருவாய். பதினாறு வயதிலிருந்து அப்படித்தான். சலங்கை இல்லாத பாட்டு வெறும் இருமல். அதை நீ அம்மாவோடு வைத்துப் புதைத்துவிட்டேன் என்றாய். அவளுடைய பொருள் அவளோடு போகட்டும் என்றாய். அந்த இலையுதிர் காலத்திலேயே வாஷுக்கு வேலை கிடைத்தது என்று பஸ் ஏறிப் போய்விட்டாய். பஸ் நிலையத்தில் நான் சொன்னதை இங்கே திரும்ப எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு பாட்டும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வருடமும், பாட ஆள் கூப்பிடுகிற ஜேசி கம்பை ஊன்றிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வருவான். "லம்சி, உன் முறைப்பா" என்பான். "எனக்குச் சலங்கைக்கு ஆளில்ல" என்பேன். "எத்தன வருஷம்டா இதையே சொல்லுவ?" என்பான். வேறு பெண்கள் வந்து பார்த்தார்கள். என் கால் அவர்களோடு போக மறுத்துவிட்டது.

நோன்பில் புது நெருப்பு மூட்டுமுன் பழைய சண்டையை எல்லாரும் விட்டுவிட வேண்டும். நானும் விட்டுவிட்டதாகத்தான் ஒவ்வொரு வருடமும் தலையாட்டினேன். ஒன்றை மட்டும் கைக்குள் மூடி வைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

இந்த ஜூலையில் வா, அக்கா. சலங்கை இல்லாவிட்டால் போகிறது. நம் பெஞ்சுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்.

லம்சி


ஓக்லண்ட்
ஏப்ரல் 17, 1992

லம்சி,

ஒன்பது தப்புதான். முன்னேறிவிட்டாய்.

நான் எதற்கு வர வேண்டும்? நெருப்பைச் சுற்றி வாய்கள் திறந்து மூடுவதைக் கம்பம் மாதிரி உட்கார்ந்து பார்க்கவா? அதை இங்கேயே பார்க்கிறேன், பஸ்ஸில். தவிர நான் இப்போது முழுக்கச் சர்ச்சுப் பெண்பிள்ளை, அந்தக் காலம் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைக்கிறவள் இல்லை. நான் களத்து மண்ணை மிதித்தேன் என்றால் உன் வெங்காயம் வதக்குகிற பெண்கள் அதை ஒரு வருடத்துக்கு வதக்குவார்கள்.

துப்பாக்கிச் சத்தத்தை நீ எண்ணினாய் என்பது எனக்குத் தெரியாது. அதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தில் வேண்டாம். இங்கே பனிமூட்டம் அதிகமாக இருக்கிறது. முழங்கால் வலிக்கிறது.

லூவீனா


ஹன்னா
மே 4, 1992

அக்கா,

சொல்ல வேண்டியதைச் சொல். எனக்கும் வயதாகிறது, பென்சிலும் குட்டையாகிக்கொண்டே வருகிறது.

நான் இப்போது எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கிறேன். கொட்டகைக் கதவில் "கதவு" என்று எழுதிவிட்டேன். நாய் பெயரை நாயின் தட்டில் எழுதினேன். ஜேசி வந்து பார்த்துவிட்டு, "அதுக்கும் படிக்கக் கத்துக் குடுத்துட்டியா?" என்றான். அவனுக்குப் பொறாமை. அடுத்த செவ்வாய் அவனும் வகுப்புக்கு வருகிறானாம், சாப்பாட்டுக்காக மட்டும் என்கிறான்.

சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. நல்ல மழை. கைவிரல் இரண்டு மரத்துப்போய்விட்டதால் இன்று இவ்வளவுதான்.

லம்சி


ஓக்லண்ட்
மே 15, 1992

லம்சி,

இதைப் படிக்குமுன் உட்கார்ந்துகொள்.

சலங்கை என்னிடம்தான் இருக்கிறது. அம்மாவோடு புதைக்கவில்லை. வாஷின் பழைய தொப்பிப் பெட்டியில், போர்வைக்கு அடியில், முப்பத்தேழு வருடமாக இருக்கிறது.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். ஐந்தாம் நாள் நீ வந்தாய். நான் வாசலில் நின்றேன். நான்கு நாள் தூங்காமல், நீ வருவாய், வந்ததும் உன்னைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று நின்றேன். நீ என்னைப் பார்த்து முதலில் கேட்டது என்ன? "சலங்கை எங்க?" அம்மா எப்படிப் போனாள் என்று கேட்கவில்லை. வலித்ததா என்று கேட்கவில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

"அம்மாவோட வெச்சுப் பொதைச்சாச்சு" என்றேன். உன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நாளைக்கு மட்டும். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ வரவில்லை. பிறகு பஸ் நிலையத்தில் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். "எங்காலையும் வெட்டி அந்தக் குழிக்குள்ளயே போட்டிருக்கலாமே" என்றாய். நான் அதைத் திரும்ப எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குக் காது போகுமுன் கேட்டதில் இன்னும் தெளிவாக இருப்பது அதுதான். பெட்டி அப்போது என் கையில் இருந்தது. உனக்கும் எனக்கும் நடுவே.

நீ ஆட்டத்தை இழந்தாய். நான் தம்பியை இழந்தேன். எவ்வளவு, எவ்வளவு என்று ஒப்பிட எனக்குத் தெம்பில்லை.

அம்மா கடைசியாகச் சொன்னதை இப்போது சொல்கிறேன். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்தாள். "இன்னிக்கு அவன் பட்டினியா இருப்பான். நோன்பு விட்டதும் ஓடி வருவான். அவனுக்குச் சோஃப்கி எடுத்து வை" என்றாள். எடுத்து வைத்தேன். சோளக் கூழ் ஐந்து நாளில் நன்றாகப் புளித்திருந்தது, உனக்குப் பிடித்த மாதிரி. நீ சலங்கையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாய். நானும் வாஷும் அதைக் குடிக்காமல் மரத்தடியில் ஊற்றினோம்.

இன்னும் ஒன்று. காது முழுதாகப் போன பிறகு, போன வருடம், ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்து காலில் கட்டிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே. வாஷ் இல்லாத வீடு. மிதித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஓட்டுக்குள் கூழாங்கல் உருள்வது கெண்டைக்காலில் ஏறி முழங்காலில் தெரிந்தது. இன்னும் மிதித்தேன். பிறகு தரையில் வேறு ஒரு இடி தெரிந்தது, என்னுடையது இல்லை. நான் நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. கீழ் வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறாளாம்! ஜோஆன் சாயங்காலம் எழுதிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு கட்டவில்லை.

இதைத் திருத்தி அனுப்ப நீ ஒன்றும் கற்றவன் இல்லை. அதனால் அப்படியே வைத்துக்கொள்.

லூவீனா


ஹன்னா
ஜூன் 12, 1992

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தபால்மீது பழி போட மாட்டேன்.

மூன்று கடிதம் எழுதி மூன்றையும் அடுப்பில் போட்டேன். முதலாவதில் இருந்ததை நீ படித்திருந்தால் இன்னும் முப்பத்தேழு வருடம் ஆகியிருக்கும். வாயால் சொன்னதைப் பஸ் நிலையத்திலிருந்து திரும்ப வாங்க முடியவில்லை. எழுதினதை எரிக்க முடிகிறது. இந்த வயதில் இதைக் கற்றுக்கொண்டதற்கு அதுவே எனக்குப் போதும்.

கோபத்தில் நான்கு செவ்வாய் வகுப்புக்குப் போகவில்லை. மஹேலா தன் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"என்ன, படிப்பு முடிஞ்சுதா? பட்டம் வாங்கிட்டியா?"

"எங்கக்கா என்னை ஏமாத்திட்டா."

"எப்ப?"

"ஐம்பத்தஞ்சுல."

"அப்ப ஒண்ணும் அவசரம் இல்ல, வண்டில ஏறு" என்றாள்.

நான் ஏறவில்லை. அவள் போன பிறகு அம்மாவிடம் போனேன். குழிமேல் இருக்கிற சின்னக் கூரையில் இரண்டு பலகை போயிருந்தது. அதைக் கழற்றிப் புதுப் பலகை அடித்தேன். அடித்துக்கொண்டே அவளிடம் சொன்னேன், "அம்மா, சலங்கை உங்கிட்ட இல்லியாம்" என்று. சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமாக ஒவ்வொரு முறையும் இங்கே வந்து, நீ மட்டும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்று அவளைத்தான் கேட்டிருக்கிறேன். அவளுக்கு எவ்வளவு குழப்பமாக இருந்திருக்கும்!

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா, ஐந்தாம் நாள் நான் ஏன் சலங்கையைக் கேட்டேன் என்று எழுதுகிறேன். அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தால் நின்ற இடத்தில் விழுந்திருப்பேன். நான்கு நாள் அழாமல் உட்கார்ந்திருந்தவன். வழியெல்லாம் என்ன கேட்பது என்று யோசித்து, விழாமல் கேட்கக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்தேன். அது சலங்கை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நானே எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சோஃப்கியைப் பற்றி எனக்குத் தெரியாது.

பலகை அடித்து முடித்ததும் ஒரு பிடி மண் எடுத்துக் கூரைக்கு அடியில் போட்டேன். மூடின குழியில் எங்கே போடுவது என்று உன்னிடம் கேட்டேனே, போட இடம் இருக்கத்தான் செய்தது. கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தேன்.

இந்த நோன்பில் நான் எதையும் மூடி வைத்துக்கொண்டு உட்காரப் போவதில்லை. சலங்கையைக் கட்டிக்கொண்டு வருகிறாயா? உனக்குக் கேட்க வேண்டியதில்லை. நான் பாடுவது அவ்வளவு கேட்கும்படியும் இல்லை இப்போது.

லம்சி


ஓக்லண்ட்
ஜூன் 22, 1992

தம்பி,

இந்த முறை தப்பு எத்தனை என்று எண்ணவில்லை.

ஜூலை எட்டாம் தேதி மத்தியானம், டல்சா விமான நிலையம். ஜோஆன் கூட வருகிறாள். பெட்டியைச் சாமான்களோடு போட மாட்டேன், மடியில்தான் வைத்துக்கொள்வேன். சோதனை செய்கிறவன் திறந்து பார்த்தால் பார்க்கட்டும்.

சர்ச் விஷயம் எனக்கும் கடவுளுக்கும் நடுவே பேசித் தீர்ந்துவிட்டது. பெண்கள் விஷயம் தீராது, தெரியும். பேசட்டும், எனக்கென்ன காதா கேட்கிறது?

மூன்று நிபந்தனை. ஒரு சுற்றுதான் வருவேன். நீ எனக்கு நேர் முன்னால் போக வேண்டும், பத்து அடி தள்ளிப் போகக் கூடாது. பலமாக மிதிக்க வேண்டும், கீழ் வீட்டுக்காரி மாதிரி. தரையில் வருவதை வைத்துத்தான் நான் கால் போடுவேன். உன் வயதுக்கு முடியாவிட்டால் இப்போதே சொல்லிவிடு.

திரும்பி வர டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று ஜோஆன் கேட்டாள். இன்னும் சொல்லவில்லை.

லூவீனா


ஹன்னா
ஜூலை 1, 1992

அக்கா,

நீ கிளம்புமுன் இது வந்து சேர்ந்துவிடும் என்று மஹேலா சத்தியம் செய்கிறாள்.

மிதித்துப் பார்த்துவிட்டேன். ஜேசியைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், காதில் பஞ்சு அடைத்து, கண்ணை மூடச் சொல்லி, எனக்குப் பின்னால் நடக்க வைத்தேன். கம்போடு எல்லாரையும் அதட்டுகிறவன் பஞ்சோடு நடந்து வந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் சுற்றில் என் முதுகில் வந்து மோதினான். செருப்பைக் கழற்றச் சொன்னேன். இரண்டாவது சுற்றில் மண் அதிர அதிர மிதித்தேன்.

"கேக்குதாடா?" என்று திரும்பி, அவன் தோளைத் தொட்டுக் கண்ணைத் திறக்க வைத்து, வாயை அசைத்தேன்.

"கேக்கல! ஆனா எம்பல்லு ஆடுது!" என்று கத்தினான். நான்கு சுற்று, ஒரு கால் தப்பவில்லை. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, பஞ்சை எடுத்துவிட்டு, "லம்சி, இந்த வருஷம் உன் முறை வந்தா என்ன சொல்லுவ?" என்றான். நான் அவன் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் எதிரே சாம்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நீ வெறும் காலோடு வர முடியாதே, சலங்கை பூட்ஸ்மேல்தானே கட்ட வேண்டும். அதற்காகப் பயப்படாதே, பூட்ஸ் போட்டும் ஜேசியை நடக்க வைத்தாயிற்று. தெரிகிறதாம்.

ஜன்னல் பக்கத்து அறையை உனக்குச் சுத்தம் செய்திருக்கிறேன். கதவில் உன் பெயரை எழுதியிருக்கிறேன், தப்பில்லாமல். சோஃப்கிக்குச் சோளம் ஊறப் போட்டு மூன்றாம் தேதி காய்ச்சுகிறேன். எட்டாம் தேதிக்கு ஐந்து நாள் ஆகியிருக்கும், சரியாகப் புளித்திருக்கும். எனக்கு ஒரு கிண்ணம், உனக்கு ஒரு கிண்ணம். மரத்தடிக்கு ஒன்றும் கிடையாது.

ஒரே ஒரு கவலை. விமான நிலையத்தில் உன்னைப் பார்த்ததும் என் வாய் எப்படி இருக்குமோ தெரியாது. வாய் கோணிப்போனால் உனக்கு ஒரு வார்த்தையும் படிக்க வராது. ஆகவே சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறேன்.

அடுத்த வாரம் நீ அந்தப் பக்கத்து அறையில் இருப்பாய். ஆனாலும் எழுதுவேன். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எவ்வளவு கத்தினாலும் உனக்கு எப்படித் தெரியும்? எழுதி, கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். தபால்தலை மிச்சம். சிவப்புப் பென்சிலை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.

லம்சி